பச்சை விளக்கில் மட்டும் சிரிக்கவும்

சீருடை போட்ட ஒருவர் படத்தில் வழுக்கி விழுந்தால், அந்தப் படத்தை வெளியிடும் முன் ராணுவம் பார்த்தாக வேண்டும் என்பது சட்டம். விழாமல் நடந்துகொண்டே இருந்தால் பார்க்கத் தேவையில்லை. சினிமா கம்பெனி முதலாளி எடுத்த படத்தில் சீருடை போட்டவர்கள் வழுக்கி விழுகிறார்கள், தடுக்கி விழுகிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். கடைசியில் ஒரு ஜெனரலே தொப்பியோடு சேற்றுக் குழிக்குள் போகிறார். இவற்றைத் தவிர அந்தப் படத்தில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை.

படத்தை எடுத்துக்கொண்டு ராணுவ முகாமுக்கு யார் போவது என்ற பேச்சு வந்ததும் டைரக்டருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கதாநாயகனுக்கு வெளியூரில் ஒரு கல்யாணம். யாருடைய கல்யாணம் என்று அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலாளி ஜன்னல் ஓரம் நின்று, தெருவில் காத்திருந்த ராணுவ ஜீப்பைப் பார்த்தபடி சொன்னார்:

"வசனம், நீ கிளம்பு."

கம்பெனியில் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வசனம் எழுதுகிறவர் என்பதால் வசனம்.

"நானா? நான் எழுதினதோட சரி, முதலாளி. விழுந்ததெல்லாம் மத்தவங்க."

"விழச் சொன்னது நீதானேப்பா?"

வசனம் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு படியிறங்கினார்.

ஜீப்பில் படப்பெட்டிகளுக்கு நடுவே அவரை உட்காரவைத்தார்கள்.   ராணுவம் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு முகம், தம்பியின் முகம். போன வருஷம் வாசலில் வந்து நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, செருப்பு மாட்டிக்கொள்ளும் வரை பொறுத்திருந்து, கூட்டிக்கொண்டு போனார்கள். எந்த முகாம் என்று சொல்லவில்லை. அம்மா கேட்டதற்கு, "நல்ல முகாம்" என்றார்கள்.

தம்பிக்குச் சிரிப்பு தாமதமாக வரும். பள்ளிக்கூடத்தில் அவனை மந்தம் என்றார்கள். அப்படியில்லை. ஒரு ஜோக்கைச் சொன்னால் அவன் அதை வாங்கி, உள்ளே கொண்டுபோய், எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பான். சாப்பிடும்போது சொன்னதற்குக் கை கழுவும்போது சிரிப்பான். மாமா வீட்டில் கேட்டதற்குத் திரும்பி வரும் பஸ்ஸில் சிரித்து, முன் சீட்டுப் பெண்மணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். வசனம் எதை எழுதினாலும் முதலில் அவனிடம்தான் படித்துக் காட்டுவார். படித்து முடித்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். உடனே சிரிப்பவர்களை அவர் நம்புவதில்லை. அந்த வீட்டில் அப்படி நீளமான மௌனங்கள் இருந்தன. யாரும் அவற்றைக் குறையாக நினைத்ததில்லை.

முகாம் வாசலில் நின்ற சிப்பாய் கேட்டான்:

"என்ன வேலை?"

"படத்துக்கு வசனம் எழுதுறேங்க. காமெடி."

சிப்பாய் ஓர் அடி பின்னால் வைத்தான். "சார், காமெடி வந்திருக்கு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான்.

ஒரு சார்ஜன்ட் வந்தார். வசனத்தின் சட்டைப்பை, கால்சட்டைப்பை, கக்கம் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார்.

"ஜோக் ஏதாவது வச்சிருக்கியா?"

"இல்லைங்க."

"மனசுல?"

வசனம் விழித்தார். இருக்கிறது என்றாலும் ஆபத்து, இல்லையென்றால் பொய்.

"இருந்தா இங்கேயே எடுத்துடு. உள்ள போய் வெடிச்சுதுன்னா நான் பொறுப்பில்ல."

அந்த நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. "ஒருத்தன் பல் டாக்டர்கிட்ட போனானாம். வலிக்காம பிடுங்குவீங்களா டாக்டர்னு கேட்டானாம். அதுக்கு அவர், இத்தனை வருஷமா பிடுங்குறேன், எனக்கு ஒரு தடவைகூட வலிச்சதில்லையேன்னாராம்."

சார்ஜன்ட் சிப்பாயைப் பார்த்தார். சிப்பாய் தரையைப் பார்த்தான்.

"பழசு" என்றார் சார்ஜன்ட். "ஈரம் ஏறிப் போச்சு. உள்ள விடு."

கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினார்கள். துப்பாக்கியோடு இரண்டு பேர் இரு பக்கமும் நடந்தார்கள். அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு போலிருக்கிறது. இருவரும் வெளிப்புறமாகத் தலையைத் திருப்பியே நடந்ததால் ஒருவன் விளக்குக் கம்பத்தில் மோதிக்கொண்டான். வசனத்துக்குச் சிரிப்பு வரவில்லை. இதை நான் எழுதியிருந்தால் முதலாளி வெட்டியிருப்பார் என்றுதான் தோன்றியது.

நகைச்சுவை ஆய்வுப் பிரிவின் தலைவர் ஒரு கர்னல். மீசை நன்றாக இருந்தது. அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க இளம் சிப்பாய்களின் படங்கள் நெருக்கமாக மாட்டியிருந்தன. வசனம் ஒவ்வொரு முகமாகத் தேடினார். தம்பி இல்லை. 

"இவங்கெல்லாம் மேல் முகாம்" என்றார் கர்னல், பெருமையாக. "மலை உச்சி. எப்பவும் பனி. எதிரிகூட அங்க வர்றதில்ல."

"அப்ப நம்ம ஆளுங்க எதுக்கு சார் அங்க…"

"எதிரி வரலைங்கறதுக்காக நாமளும் போகாம இருந்தா அப்புறம் யார்தான் இருக்கறது? வாரம் ஒரு லாரி ஏத்துறோம். இறங்கி வரும்போது லாரி மட்டும் வரும். டிரைவருங்க பனிக்குப் பழகிட்டாங்க. உக்காருங்க."

வசனம் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நாங்க சிரிப்புக்கு எதிரிங்கன்னு வெளிய ஒரு பேச்சு இருக்கு" என்று கர்னல் ஆரம்பித்தார். இதைப் பல பேருக்குச் சொல்லிப் பழகியிருந்தார். "தப்பு. எதிரி வர்றான்னா எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். மழை வர்றது தெரியும். சிரிப்பு வர்றது மட்டும் தெரியறதில்ல. கட்டளை இல்லாம ஒரு உடம்பு தானா குலுங்குது பாருங்க, அது ராணுவத்துக்கு நல்லதா?"

"நல்லதில்லைங்க."

"முன்னெல்லாம் அதிகாரிங்க நாங்களே படம் பாத்தோம். எல்லாரும் வரிசையா உக்காந்தோம். பெரியவர் சிரிக்கட்டும்னு நான் காத்திருந்தேன். நான் சிரிக்கிறேனான்னு பெரியவர் காத்திருந்தார். படம் முடிஞ்சு, விளக்கைப் போட்டு, ஆபரேட்டர் வீட்டுக்கும் போயிட்டான். நாங்க அப்படியே இருந்தோம். சாப்பாட்டு மணி அடிச்சதாலதான் எந்திரிச்சோம். இப்ப முறையை மாத்திட்டோம். நாங்க படம் பாக்கறதே இல்ல."

"பாக்காம எப்படி சார்?"

"சிப்பாய்ங்க பாப்பாங்க. நாங்க திரைக்கு முதுகைக் காட்டி உக்காந்து சிப்பாய்ங்க முகத்தைப் பாப்போம். காதுல பஞ்சு. பீரங்கிப் படைக்குக் குடுக்கற அதே பஞ்சு. படத்தோட பாதிப்பு எங்க மேல துளிகூடப் படாது. பல்லு தெரிஞ்சா சிரிப்பு, தெரியலைன்னா இல்ல. இதைவிட நியாயமா ஒரு படத்தைப் பாக்க முடியுமா?"

முடியாது என்பதுபோல வசனம் தலையாட்டினார்.

பிறகு கர்னல் விளக்குகளைப் பற்றிச் சொன்னார். திரைக்கு மேலே ஒரு பச்சை, ஒரு சிவப்பு. அதிகாரிகள் பார்ப்பதற்காகப் பின்சுவரில் அதே போல இன்னொரு ஜோடி. திரையில் சமையல்காரனோ, சிப்பாயோ, கழுதையோ இருந்தால் பச்சை எரியும். எல்லாரும் சிரிக்க வேண்டும். பதவி உள்ள யாராவது வந்துவிட்டால் சிவப்பு. ஒருவரும் சிரிக்கக் கூடாது. சிவப்பில் பல் தெரிந்தால் அது அவமதிப்பு. மேல் முகாம்.

"பச்சையில சிரிக்கலைன்னா?"

"அது சோர்வு. சோர்வுக்கு மலைக் காத்து நல்லது."

"அப்ப அதுவும்…"

"ரெண்டுக்கும் ஒரே லாரிதான். சிக்கனம்." கர்னல் மேஜைமேல் சாய்ந்தார். "சரி, ஒருத்தனுமே சிரிக்கலைன்னு வைங்க. அப்ப அது காமெடிப் படம் இல்ல. காமெடி இல்லைன்னா உண்மைப் படம். உண்மைப் படம்னா எங்க முகாம்ல நடக்கறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு வேற ஒரு பிரிவு உங்களைக் கேக்கும். அவங்க என்னை மாதிரி கலகலப்பானவங்க இல்ல."

 "விளக்கை யாரு சார் போடுறது?"

"படம் தெரிஞ்ச ஆளு யாரு? நீங்கதான். ஒரு பொத்தான் இருக்கும். அழுத்திப் பிடிச்சா பச்சை. எடுத்தா சிவப்பு."

"கை தவறி மாத்திப் போட்டுட்டா?"

"விளக்கு தப்பா எரியாது" என்றார் கர்னல், குழந்தைக்குச் சொல்வதுபோல. "அது ராணுவ விளக்கு."

கொட்டகை முன்பு ஆயுதக் கிடங்காக இருந்திருக்க வேண்டும். சுவரிலிருந்து எண்ணெய் வாடை போகவில்லை. சிப்பாய்கள் பெஞ்சுகளில் முழங்கால் சேர்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு வரிசையின் மேலும் மங்கலான விளக்கு. திரைக்கு முன்னால், சிப்பாய்களைப் பார்த்தபடி, வரிசைக்கு ஒரு மேஜர் என்று நாற்காலிகள். ஓரத்தில் ஒரு சின்ன மேஜை. அதன்மேல் பொத்தான்.

சார்ஜன்ட் முதலில் பயிற்சி எடுத்தார்.

"எல்லாரும் பல்லு தேய்ச்சாச்சா?"

"தேய்ச்சாச்சு சார்!"

"பச்சை!"

வசனம் அழுத்தினார். கொட்டகை முழுக்கச் சிரித்தது. ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் வந்த சிரிப்பு.

"சிவப்பு!"

விரலை எடுத்தார். சத்தம் கத்தரித்ததுபோல நின்றது.

"ரெண்டாவது வரிசை, வாயை மூட இவ்வளவு நேரமா? ஈ உள்ள போய்க் குடித்தனம் வச்சிடும்."

யாரும் சிரிக்கவில்லை. சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் வசனம் நான்காவது வரிசையைப் பார்த்தார். ஓரத்திலிருந்து மூன்றாவது ஆள். முடியை ஒட்ட வெட்டியதில் காதுகள் பெரிதாகத் தெரிந்தன. தம்பி. அவனும் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் என்று புரிய அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் மலரப் போனது. மேலே சிவப்பைப் பார்த்துவிட்டு அப்படியே அடக்கிக்கொண்டான்.

 ஒருவன் பச்சையில் கேட்ட ஜோக்குக்குச் சிவப்பில் சிரிப்பான் என்றால் அவனை இந்தக் கொட்டகையில் என்ன செய்வார்கள் என்பதை இப்போதுதான், மீசை நன்றாக இருந்த ஒருவர், வசனத்தை உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். நான்காவது வரிசையின் மேஜர் ஒல்லியானவர். பென்சிலைச் சீவி ஊதிக்கொண்டிருந்தார்.

அதிகாரிகள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டார்கள். படம் ஓடத் தொடங்கியது.

முதல் காட்சியில் சமையல்காரன் ஒருவனைத் தவறுதலாகப் படையில் சேர்த்துவிடுகிறார்கள். அணிவகுப்பில் துப்பாக்கிக்குப் பதிலாகக் கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறான். வசனம் பொத்தானை அழுத்தினார். கொட்டகை சிரித்தது. தம்பி வாயைத் திறந்து பல்லைக் காட்டினான். அது பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பல். கண் சிரிக்கவில்லை. கண் இன்னும் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

திரையில் ஒரு கேப்டன் வந்தார். வசனம் விரலை எடுத்தார். சிவப்பு. எல்லா வாய்களும் மூடின. கேப்டன் கரண்டியை வாங்கி, ஒரு கண்ணை மூடி, குழல் சுத்தமாக இருக்கிறதா என்று உற்றுப் பார்க்கிறார். அங்கேதான் தம்பிக்குக் கரண்டி போய்ச் சேர்ந்தது. அவன் கன்னம் உப்பியது. கழுத்து நரம்பு புடைத்தது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டான். ஒல்லி மேஜர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். தம்பி பெரிதாக ஒரு தும்மல் தும்மினான். மேஜர் கொஞ்ச நேரம் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு இறக்கினார்.

ஒரு படத்தில் எத்தனை தும்மல் தும்ம முடியும்?

அடுத்த தடவை பொத்தானை அழுத்தின வசனம் விரலை எடுக்கவே இல்லை. சமையல்காரன் போய்க் கேப்டன் வந்தார், பச்சை எரிந்தது. கேப்டன் கழுதைக்கு சல்யூட் அடித்தார், பச்சை எரிந்தது. கொட்டகையில் சிரிப்பு தடுமாறியது. சிப்பாய்கள் திரையைப் பார்த்தார்கள், விளக்கைப் பார்த்தார்கள், மறுபடி திரையைப் பார்த்தார்கள். கேப்டனைப் பார்த்துச் சிரிப்பது குற்றம். பச்சையில் சிரிக்காமல் இருப்பதும் குற்றம். முன் வரிசையில் ஒருவன் விளக்கையே பார்த்துக்கொண்டு, திரைப்பக்கம் கண்ணைத் திருப்பாமல், சிரிக்கத் தொடங்கினான். அது மற்றவர்களுக்கும் நல்ல யோசனையாகப் பட்டது. கொஞ்ச நேரத்தில் எல்லாரும் பச்சை பல்பைப் பார்த்துக் கெக்கலி கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வெள்ளத்தில் தம்பி போன காட்சிக்கும் அதற்கு முந்தின காட்சிக்கும் சாவகாசமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் ஒருவன்தான் படத்தைப் பார்த்தான்.

அதிகாரிகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் முன்னால் பற்கள் மட்டும் தெரிந்தன. கர்னல் வசனத்தைப் பார்த்துப் பாராட்டாகக் கண்ணை மூடித் திறந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், திரையில், அதே போல மீசை வைத்த ஒரு கர்னல் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு கோழியைத் துரத்தினார். அதை எழுதும்போது வசனம் எந்தக் கர்னலையும் பார்த்ததில்லை.

சிரிக்கச் சிரிக்க முகங்கள் வெளுத்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் சிரிப்புக்கு நடுவே "அம்மா" என்றான். இன்னொருவனுக்குக் கண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது. தன் படத்துக்கு இத்தனை சிரிப்பை வசனம் எந்தத் தியேட்டரிலும் கேட்டதில்லை. இருட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்து இப்படி ஒன்றைக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ வருஷம் ஆசைப்பட்டிருக்கிறார். இப்போது கேட்டது. காதைப் பொத்திக்கொள்ளலாம் என்றால் ஒரு கை பொத்தானில் இருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. சேற்றுக் குழியில் இறங்கச் சிப்பாய்கள் தயங்குகிறார்கள். ஜெனரல், "இதுல என்னடா ஆழம்? பாருங்க" என்று தானே இறங்குகிறார். முழங்கால், இடுப்பு, மார்பு, மீசை. தொப்பி மட்டும் சேற்றின் மேல் மிதக்கிறது. யாரும் உதவிக்கு ஓடவில்லை. உத்தரவு இல்லை. எல்லாரும் தொப்பிக்கு சல்யூட் அடித்து நிற்கிறார்கள். முடிந்தது.

இது தம்பி போன பிறகு எழுதியது. அவன் இதைக் கேட்டதில்லை.

விளக்கைப் போட்டார்கள். சிப்பாய்கள் மூச்சு வாங்கியபடி பெஞ்சில் துவண்டு கிடந்தார்கள். பச்சை இன்னும் எரிந்தது. ஆனால் படம் முடிந்தால் சிரிப்பும் முடிந்தது என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். வசனம் தம்பியைப் பார்த்தார். அவன் நெற்றி சுருங்கியிருந்தது. தொப்பி அவனுக்குள் போய்க்கொண்டிருந்தது. வசனம் விரலை எடுக்கவில்லை.

அதிகாரிகள் பஞ்சை எடுத்தார்கள். கர்னல் எழுந்தார்.

"இந்தக் கொட்டகையில இவ்வளவு பல்லை நான் பாத்ததில்ல. ஜெனரலே இந்தப் படத்தைக் குடும்பத்தோட பாக்கணும்னு எழுதப் போறேன். சிரிச்சாச்சு. இப்ப வழக்கப்படி மேல் முகாம் வீரர்களை நினைச்சுக்குவோம். அவங்களை ஏன் அனுப்பினோம்னு நமக்கு ஞாபகம் இல்ல. ஏன் போறோம்னு அவங்களும் கேட்டதில்ல. இப்படி ஒருத்தரை ஒருத்தர் நம்பி இருக்கறதாலதான் ராணுவம் நிக்குது. எல்லாரும் எந்திரிங்க. மௌனம்."

எல்லாரும் எழுந்து தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வசனத்துக்கு மௌனங்கள் தெரியும். இது எந்த மாதிரி மௌனம் என்றும் தெரியும். படித்து முடித்துவிட்டுத் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மௌனம். வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் எழுதியது நன்றாக இல்லாமல் போயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

நன்றாகத்தான் இருந்தது. தம்பி சிரித்தான்.

வயிற்றிலிருந்து வந்த, தோள் குலுங்கும், மூக்கில் சத்தம் வரும் சிரிப்பு. கொட்டகை மூச்சை நிறுத்தியது. கர்னல் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். பின்சுவரைப் பார்த்தார். பச்சை எரிந்துகொண்டிருந்தது.

சிப்பாய்களும் தங்கள் பக்கத்து விளக்கைப் பார்த்தார்கள். பச்சை. முன் வரிசைக்காரன் ஒரு விக்கலோடு ஆரம்பித்தான். அடுத்த நொடி கொட்டகை முழுக்க, தலை குனிந்து நின்ற அதே நிலையில், வாய் விட்டுச் சிரித்தது. மேஜர்கள் கர்னலைப் பார்த்தார்கள். விளக்கு தப்பா எரியாது. கர்னலின் மீசை இரண்டு தரம் துடித்தது. பிறகு அவரும் பல்லைக் காட்டினார். மேஜர்கள் நிம்மதியாகச் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவருக்குத் தங்கப்பல் இருந்தது இப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

தம்பி தப்பித்துவிட்டான் என்று வசனம் நினைத்தார். ஆனால் தம்பி சிரித்து முடித்துவிட்டான். முடிந்தால் அவனுக்கு முடிந்ததுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, எல்லாரும் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்பதுபோலச் சுற்றிலும் பார்த்தான். கொட்டகையில் மூடியிருந்த வாய் அது ஒன்றுதான். ஒல்லி மேஜர் சிரித்துக்கொண்டே அதைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே பென்சிலை எடுத்தார்.

வசனத்துக்கு யோசிக்க நேரமில்லை. விரலை எடுத்தால் சிவப்பு. சிவப்பில் வாயை மூடியிருக்கும் ஒரே ஆள் தம்பியாக இருப்பான். மற்ற எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். அவர்களுக்கும் அண்ணன்கள் இருப்பார்கள் என்று தோன்றியது. அந்த நினைப்பைத் தள்ளிவிட்டு விரலை எடுத்தார்.

சிவப்பு.

எல்லா வாய்களும் திறந்தபடியே உறைந்தன. கர்னலின் பற்கள் வெளியே இருந்தன. மூடினால் மூடியது தெரிந்துவிடும் என்று அவர் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். யாரும் அசையவில்லை. வெளியே எங்கோ ஒரு லாரியைக் கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் கர்னல் வாயை மூடிக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"சட்டப்படி பாத்தா, இப்ப நாம எல்லாரும் மேல் முகாம் போகணும்."

மேஜர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"சட்டத்துக்கு முன்னால கர்னலும் ஒண்ணு, சிப்பாயும் ஒண்ணு. நான் போகத் தயார். ஆனா நான் போயிட்டா, இந்தச் சட்டத்தை யாரு அமல்படுத்துறது? மேஜர்?"

"நீங்க போனா சட்டமே அனாதையாயிடும் சார்" என்றார் தங்கப்பல் மேஜர்.

"அதுவுமில்லாம லாரி ஒண்ணுதான் இருக்கு. இத்தனை பேர் கொள்ளாது. ஒரு குற்றத்தை எல்லாரும் செஞ்சா அது குற்றமில்ல, பழக்கம். பழக்கத்துக்குத் தண்டனை கிடையாது." கர்னலுக்குக் குரல் திரும்பிவிட்டது. "சரி. வாயை மூடியிருந்தது யாரு?"

ஒல்லி மேஜர் பென்சிலால் காட்டினார். தம்பியை முன்னால் அழைத்தார்கள். கர்னல் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கண் கலங்கியது.

"மொத்தக் கொட்டகையும், நான் உட்பட, கட்டுப்பாடு இழந்த நேரத்துல இவன் ஒருத்தன் கல்லு மாதிரி நின்னிருக்கான். இப்படிப்பட்டவன் இங்க இருக்கக் கூடாது. இங்க வீணாப் போயிடுவான். மேல் முகாம்ல சிரிக்காத ஆளுங்களுக்கு எப்பவும் தேவை இருக்கு. தோள்ல ஒரு பட்டை ஏத்துங்க. லாரியைக் காலியா அனுப்பினா மரியாதையா இருக்காது, இவன் போகட்டும்."

வசனம் மேஜையைவிட்டு ஓடிவந்தார். இத்தனை நேரம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னார்.

"சார், அவன் என் தம்பி சார்!"

"அடடே! அண்ணன் ஊரையே சிரிக்க வைக்கிறார், தம்பி அசையவே மாட்டேங்குறான். நல்ல குடும்பம்."

"அவன் சிரிச்சான் சார். முதல்ல சிரிச்சதே அவன்தான். மௌனத்துல. நீங்களே கேட்டீங்களே! அவமதிப்பு சார். அவனுக்கு ஒழுக்கமே கிடையாது. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்."

கர்னல் ஒல்லி மேஜரைப் பார்த்தார்.

"சிவப்பு வந்தப்ப வாய் மூடியிருந்தது சார். நானே பாத்தேன்" என்றார் மேஜர்.

கர்னல் வசனத்தின் தோளில் கை வைத்தார். "தம்பி மேல வந்துட்டா அண்ணனுக்கு மனசு கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். எனக்கும் ஒரு தம்பி இருந்தான். பெருந்தன்மையா இருங்க. உங்க படத்துக்கு முதல் தரம் போட்டிருக்கேன்."

 தம்பியின் தோளில் பட்டையைத் தைக்கும்போது ஊசி குத்தியிருக்க வேண்டும்; லேசாக நெளிந்தான்.

மைதானத்தில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. பின்பக்கம் தம்பி மட்டும், கனமான கோட்டில், சாமான் மூட்டைகளுக்கு நடுவே. சிப்பாய்களை அணியாக நிறுத்தியிருந்தார்கள். வெளியில் விளக்கு இல்லை. அதனால் முகங்களை எப்படி வைத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வசனம் லாரிக்குப் பக்கத்தில் நின்றார். கழுத்தில் அட்டை இன்னும் தொங்கியது. அதைக் கழற்ற அவருக்குத் தோன்றவில்லை.

"நம்மகிட்ட ஒரு நகைச்சுவை எழுத்தாளர் இருக்கார்" என்றார் கர்னல் உரக்க. "வீரனை வழியனுப்ப ரெண்டு வார்த்தை சொல்லட்டும்."

மைதானம் அமைதியானது. லாரியின் சத்தம் மட்டும். அத்தனை முகங்களும் வசனத்தின் வாயைப் பார்த்தன. அவர் தம்பியைப் பார்த்தார். எத்தனையோ பேருக்கு எத்தனையோ எழுதிக்கொடுத்தவருக்கு, வீட்டு வாசலில் யாரும் யாருக்கும் சொல்வதுதான் வாயில் வந்தது.

"போய்ட்டு வாடா."

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அணியில் எங்கோ ஒருவன் களுக்கென்றான். பக்கத்தில் ஒருவன். மைதானம் முழுக்க வெடித்துச் சிரித்தது. யாரும் கட்டளை இடவில்லை. கர்னல் தொடையைத் தட்டினார். "வாடாவா! பிரமாதம்!" என்று மேஜர்களைப் பார்த்தார். ஒல்லி மேஜர்கூட இந்தத் தடவை பென்சிலை மறந்துவிட்டுச் சிரித்தார்.

லாரி நகர்ந்தது. தம்பி கோட்டுக்குள்ளிருந்து கையை எடுத்து அசைத்தான்.

"வரேண்ணா."

அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.